விசுவாவசு, 2056, 1947, 5126: ஒரே ஆண்டுக்கு ஏன் இத்தனை பெயர்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பத்திரம், பாட்டியின் பிறந்த நாள், ஜாதக நோட்டு, கோயில் கல்வெட்டு என்று எதைக் கையில் எடுத்தாலும் முதலில் இடறுவது ஆண்டுதான். உறவினரும் நண்பரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே விடைகளோடு தொகுத்திருக்கிறேன். கணக்குகளை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளும்படி எழுதியிருக்கிறேன்.

ஒரே நாளுக்கு உண்மையிலேயே எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன?

2025 செப்டம்பர் 1, திங்கட்கிழமை. தினசரி காலண்டரில் அந்தத் தாளைப் பாருங்கள். விசுவாவசு வருடம், ஆவணி 16. திருவள்ளுவர் ஆண்டு 2056. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் சாலிவாகன சகாப்தம் 1947, கலி 5126. நாகர்கோவில் பக்கத்துப் பெரியவரைக் கேட்டால் கொல்லம் 1201 பிறந்து இரண்டு வாரம் ஆயிற்று என்பார். பள்ளிவாசல் காலண்டரில் ஹிஜ்ரி 1447. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கில் பசலி 1435. கொழும்பில் புத்த வருடம் 2569. பாங்காக்கில் அதே புத்தர் பெயரால் 2568. காத்மாண்டுவில் விக்ரம் 2082, அகமதாபாத் வணிகரின் பேரேட்டில் விக்ரம் 2081. கொல்கத்தாவில் 1432. டோக்கியோவில் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரால் ரெய்வா 7.

எல்லாம் அதே திங்கட்கிழமைதான்.

எண்கள் இப்படி மாறுபடக் காரணம் என்ன?

மூன்று காரணங்கள். எந்த நிகழ்விலிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்பது முதலாவது. இதை எல்லோரும் அறிவார்கள். ஆண்டு எந்த நாளில் மாறுகிறது என்பது இரண்டாவது. முடிந்துபோன ஆண்டைச் சொல்கிறார்களா, நடந்துகொண்டிருக்கும் ஆண்டைச் சொல்கிறார்களா என்பது மூன்றாவது. ஓராண்டு பிசகு வருகிற இடங்களில் பெரும்பாலும் குற்றவாளி இரண்டாவதோ மூன்றாவதோதான். “78-ஐக் கூட்டு, 31-ஐக் கழி” என்று வாய்ப்பாடாக மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவதும் அங்கேதான்.

ஒரு பஞ்சாங்கத்தில் கலி 5126, இன்னொன்றில் 5127. எது சரி?

இரண்டும் சரி. ஒருவருக்கு வயது கேட்டால் “இருபத்தாறு முடிந்து இருபத்தேழு நடக்கிறது” என்கிறோம் அல்லவா? அதே கதைதான். கலியுகம் கி.மு. 3102 பிப்ரவரியில் தொடங்கியதாகச் சோதிடக் கணிதம் வைத்திருக்கிறது. கி.மு. 1-க்கு அடுத்தது நேராகக் கி.பி. 1; நடுவில் பூஜ்ஜிய ஆண்டு கிடையாது. ஆகவே 3102-ஐயும் 2025-ஐயும் கூட்டி ஒன்றைக் கழித்தால் 5126. இது முடிந்த ஆண்டு. நடப்பது 5127-ஆவது.

சாலிவாகன சகாப்தம் எனப்படும் சக ஆண்டும் வழக்கத்தில் முடிந்த ஆண்டாகவே சொல்லப்படுகிறது. கலியின் முடிந்த ஆண்டிலிருந்து 3179-ஐக் கழித்தால் சக ஆண்டு கிடைக்கும்: 5126 – 3179 = 1947. இந்திய அரசு வானியற்பியலாளர் மேகநாத சாகா தலைமையில் அமைத்த குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 அன்று தேசிய நாட்காட்டியாகச் சக ஆண்டை ஏற்றுக்கொண்டபோது, அந்த நாள் சைத்ரம் 1, 1879 ஆனது. அரசின் சக ஆண்டு மார்ச் 22-இல் (லீப் ஆண்டில் 21-இல்) மாறுகிறது. தெலுங்கு, கன்னட மக்களின் சக ஆண்டு உகாதியன்று மாறுகிறது. 2025-இல் அது மார்ச் 30. நமக்குச் சித்திரை முதல் நாள். எனவே மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை, சக ஆண்டு என்ற பெயரில் ஊருக்கு ஓர் எண் வழங்கும்.

அறுபது ஆண்டுப் பெயர்களில் நடப்பது எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பிரபவ முதல் அட்சய வரை அறுபது. இப்போது ஓடும் சுற்று 1987 ஏப்ரலில் பிரபவவில் தொடங்கியது. சித்திரையில் தொடங்கிய ஆங்கில ஆண்டிலிருந்து 1986-ஐக் கழியுங்கள்: 2025 – 1986 = 39. பட்டியலில் முப்பத்தொன்பதாவது விசுவாவசு. அடுத்தது பராபவ. முந்தைய சுற்றுகள் 1927, 1867, 1807, 1747, 1687 ஆகிய ஆண்டுகளில் தொடங்கின. இந்த எண்களை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டால் முந்நூறு ஆண்டுப் பத்திரங்களுக்குப் போதும்.

நாடு விடுதலை பெற்ற நாளைப் போட்டுப் பாருங்கள். 1927-இல் பிரபவ என்றால் 1947 இருபத்தொன்றாவது, சர்வசித்து. அந்த வெள்ளிக்கிழமை சர்வசித்து வருடம் ஆடி 30.

ஜனவரியில் பிறந்த குழந்தைக்கு எந்த ஆண்டுப் பெயர்?

நான் பார்த்தவரை மிக அதிகமான பிழைகள் நடக்கும் இடம் இதுதான். 2025 பிப்ரவரியில் பிறந்த குழந்தை குரோதி வருடக் குழந்தை, விசுவாவசு அன்று. 2025-க்கு விசுவாவசு என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஜாதகத்தின் தலைப்பில் எழுதிவிடுகிறார்கள். தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களும் மார்கழியின் பின்பாதியும் ஆங்கில ஆண்டு மாறிய பிறகும் பழைய தமிழ் ஆண்டிலேயே இருக்கும். ஆகவே ஜனவரி 1 முதல் ஏப்ரல் 13 வரைக்கும் 1987-ஐக் கழியுங்கள்.

“பார்த்திப வருஷத்தில் பிறந்தேன்” என்கிறார் பாட்டி. அது எந்தச் சுற்று?

பெயருக்கு ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. எண்ணை விட நன்றாக மனத்தில் நிற்கும். ஆனால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “பார்த்திப வருஷம், தைப்பூசத்துக்கு மறுநாள்” என்று மட்டும் சொல்வார். அவருடைய ரேஷன் கார்டில் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட வயதின்படி 1942. பார்த்திப பத்தொன்பதாவது பெயர். 1927 சுற்றில் அது 1945 ஏப்ரல் முதல் 1946 ஏப்ரல் வரை. தை என்பதால் 1946 ஜனவரி. கார்டு நான்கு ஆண்டு தவறு. பாட்டியின் நினைவு ஒரு நாள்கூடத் தவறவில்லை. 2005-இல் பார்த்திப மறுபடி வந்தபோது, “என் வருஷம் வந்துவிட்டது” என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அறுபதாம் கல்யாணத்தின் கணக்கே இதுதான்: பிறந்த ஆண்டின் பெயர் ஒரு சுற்று சுற்றி வந்து மீண்டும் வாசலில் நிற்கிறது.

உயிரோடு இருப்பவர் என்றால் சுற்றைப் பற்றிக் குழப்பம் வராது. இறந்தவர்களைப் பற்றிய குறிப்பில்தான் கவனம் வேண்டும். கொள்ளுப் பாட்டி சொன்னதாக வீட்டில் வழங்கும் “தாது வருஷப் பஞ்சம்” 1876-இல் தொடங்கி, அடுத்த ஈஸ்வர வருடத்திலும் சென்னை மாகாணத்தை வாட்டி, இலட்சக்கணக்கானோரைக் கொன்ற பஞ்சம். அதற்கடுத்த தாது 1936, அதற்கடுத்தது 1996. “என் தாத்தா தாது வருஷத்தில் பஞ்சம் பிழைக்க வந்தார்” என்று கேட்டவுடன் 1936 என்று எழுதிவிடாதீர்கள். தாத்தாவின் தாத்தாவாக இருக்கலாம்; தலைமுறைகளை விரல்விட்டு எண்ணுங்கள். நாள், கிழமை, நட்சத்திரம் மூன்றும் குறிப்பில் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சுற்றில் பொருந்தும் கிழமையும் நட்சத்திரமும் அடுத்த சுற்றின் அதே தேதியில் சேர்ந்து பொருந்துவது அரிது.

பழைய பத்திரத்தில் ௵, ௴, ௳ என்று சில குறிகள் இருக்கின்றன. அவை என்ன?

௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். பத்திரம் எழுதுவோர் வேகமாக எழுதுவதற்காக வழங்கிய சுருக்கக் குறிகள். எண்களும் பல நேரம் தமிழ் எண்களாகவே இருக்கும். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ௲௯௱௨௰௧ என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் முதல் வரியே இப்படித்தான் தொடங்குகிறது: அந்த எண்ணுக்குப் பின்னால் ௵, அதை அடுத்து “துன்மதி ௵ ஆவணி ௴”. நீலமை பழுப்பாகிவிட்டது, ஆவணிக்குப் பின் வரும் நாளை எலி கடித்துவிட்டது. ஆனால் 1867 சுற்றில் ஐம்பத்தைந்தாவது துன்மதி, 1921. பெயரும் எண்ணும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. எண்ணில் ஓர் எழுத்து அழிந்திருந்தாலும் பெயர் காப்பாற்றியிருக்கும்.

அதே பெட்டியில் உள்ள கிஸ்தி ரசீதில் 1331 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

பசலி. நிலவரிக்கான ஆண்டு. இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜமாபந்தி (ஆண்டுதோறும் கிராம வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் முகாம்) அறிவிப்பைப் பார்த்தால் “1434-ஆம் பசலிக்கான வருவாய்த் தீர்வாயம்” என்றுதான் இருக்கும்.

இதன் பிறப்பைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. முகலாயர் அரசாங்கத்தின் ஆண்டு ஹிஜ்ரி. அது முழுக்க நிலவைப் பின்பற்றுவது; சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. விளைச்சலோ வெயிலையும் மழையையும் பார்த்து வருவது. ஹிஜ்ரிப்படி வரி கேட்டால், காலப்போக்கில் கதிர் முற்றும் முன்பே தண்டல்காரர் வந்து நிற்பார். அக்பர் அரியணை ஏறிய ஹிஜ்ரி 963-ஐ (கி.பி. 1556) அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குமேல் சூரிய ஆண்டாக எண்ணும் முறை வந்தது. பசல் என்றால் அறுவடை. வங்காளிகளின் ஆண்டும் இதே கணக்கில் அமைகிறது: 963-உடன் 1556 முதல் 2025 வரையிலான 469-ஐக் கூட்டினால் 1432. தக்காணத்துக்குப் பசலி பின்னர் ஷாஜகான் காலத்தில் வந்தது. அதற்குள் ஹிஜ்ரி இரண்டு மூன்று எண் முன்னே போய்விட்டதால் நம் பசலி வடக்கத்திய பசலியைவிட அவ்வளவு கூடுதல்.

சென்னை மாகாணத்தில் ஆடி முதல் நாளை ஒட்டித் தொடங்கிய பசலி, பிறகு ஜூலை 1 என்று நிலைத்தது. ஜூலை முதல் டிசம்பர் வரை ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை 591-ஐயும் கழித்தால் பசலி. 1921 ஆவணிக்கு 1331. பத்திரமும் ரசீதும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

கொல்லம் ஆண்டு தமிழர்களுக்கும் உரியதா?

ஆம். கி.பி. 825-இல் தொடங்கும் இந்த ஆண்டு கேரளத்துக்கு மட்டும் சொந்தமென்று நினைப்பது தவறு. திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரிப் பகுதிகளின் கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் கொல்லம் ஆண்டு தாராளமாக வருகிறது. கன்னியாகுமரி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. அங்கே பழைய ஆவணங்களில் இதுவே முதன்மை. தெற்கே ஆவணி முதல் நாள் புத்தாண்டு. வட மலபாரில் ஒரு மாதம் தள்ளிக் கன்னி முதல் நாள், அதாவது நம் புரட்டாசி. ஆவணி மாத ஓலை ஒன்றை இரண்டு ஊரில் எழுதியிருந்தால் ஓராண்டு வித்தியாசம் வரும். ஆங்கில ஆண்டிலிருந்து, ஆவணி பிறக்கும் முன் 825-ஐயும் பிறந்த பின் 824-ஐயும் கழியுங்கள்.

திருவள்ளுவர் ஆண்டு?

கி.மு. 31-ஐ வள்ளுவர் பிறந்த ஆண்டாகக் கொண்டு, ஆங்கில ஆண்டுடன் 31-ஐக் கூட்டுவது. தை முதல் நாளில் மாறும். தமிழ்நாடு அரசு இதை 1971-இல் நாட்குறிப்பிலும் அடுத்த ஆண்டு அரசிதழிலும் ஏற்று, 1981 முதல் எல்லா அலுவல்களிலும் பயன்படுத்தியது. அறுபது பெயர்களும் வடமொழிப் பெயர்கள், அவையும் திரும்பத் திரும்ப வருபவை, ஆகவே தொடர்ச்சியாக எண்ண ஒரு தமிழ் ஆண்டு வேண்டும் என்ற விருப்பத்தில் பிறந்தது இது. புத்தாண்டு தையா சித்திரையா என்ற வாதத்தில் 2008-இல் தைக்குச் சட்டம் வந்ததும், 2011-இல் அது திரும்பப் பெறப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். தையில் தொடங்கும் தொடர் எண்ணையும் சித்திரையில் தொடங்கும் சுழற்சிப் பெயரையும் ஒரே காலண்டர் தாளில் நாம் சேர்த்தே அச்சடிக்கிறோம். இரண்டும் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஒன்று தொலைந்தால் மற்றது வழிகாட்டும்.

வடநாட்டிலும் இதே அறுபது பெயர்கள்தானே?

பெயர்கள் அதே, முறை வேறு. அறுபதாண்டுச் சுற்று வியாழனின் ஓட்டத்திலிருந்து வந்தது. வியாழன் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய 361 நாள் எடுக்கிறது. சூரிய ஆண்டைவிட நான்கு நாள் குறைவு. இந்த நான்கு நான்கு நாள்கள் சேர்ந்து 85, 86 ஆண்டில் ஓராண்டாகிவிடும். வடநாட்டார் அப்போது ஒரு பெயரை விட்டுத் தாண்டுவார்கள். தெற்கே ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டிலிருந்து தாண்டுவதை நிறுத்திவிட்டோம். அதனால் இன்று வடநாட்டுப் பெயர் நம்முடையதைவிடப் பத்துக்கும் மேற்பட்ட இடங்கள் முன்னே நிற்கிறது.

நம்மோடு ஒத்துப்போகிறவர்கள் எதிர்பாராத இடத்தில் இருக்கிறார்கள்: திபெத்தில். அவர்களுடைய அறுபதாண்டுச் சுற்றுக்கு ரப்ஜுங் என்று பெயர். பிரபவ என்ற சொல்லின் திபெத்திய மொழிபெயர்ப்பு அது. முதல் சுற்று 1027-இல் தொடங்கியது. பதினாறு சுற்று முடிந்து பதினேழாவது சுற்று தொடங்கிய ஆண்டு 1987. நம் பிரபவ பிறந்த அதே ஆண்டு. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஹிஜ்ரிக்கு ஏன் எளிய கழித்தல் வாய்ப்பாடு இல்லை?

ஆண்டின் நீளமே வேறு என்பதால். முப்பத்திரண்டு ஆங்கில ஆண்டுக்குள் ஏறத்தாழ முப்பத்துமூன்று ஹிஜ்ரி ஓடிவிடும். 2008 ஜனவரியில் 1429 பிறந்தது. அதே 2008 டிசம்பர் இறுதியில் 1430-உம் பிறந்துவிட்டது. தோராயம் போதுமென்றால் ஹிஜ்ரி எண்ணை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டுங்கள்.

இலங்கையிலும் தாய்லாந்திலும் புத்த வருடம் ஏன் ஒன்று வேறுபடுகிறது?

முன்பு சொன்ன முடிந்த ஆண்டு, நடப்பு ஆண்டுச் சிக்கல்தான். புத்தர் மறைந்த ஆண்டையே ஒன்று என்று இலங்கை எண்ணுகிறது. ஓராண்டு நிறைந்த பிறகு ஒன்று என்கிறது தாய்லாந்து. 2500-ஆம் ஆண்டு விழாவை இலங்கையும் இந்தியாவும் 1956-இல் கொண்டாடின, தாய்லாந்து 1957-இல். இலங்கையில் எண் மாறுவது வெசாக்கில், அதாவது புத்த பௌர்ணமியில். தாய்லாந்தில் ஏப்ரல் 1-இல் இருந்த புத்தாண்டை 1941-இல் ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். அதனால் அவர்களின் 2483 ஏப்ரலில் தொடங்கி டிசம்பரிலேயே முடிந்துபோன ஒன்பது மாத ஆண்டு. பாங்காக்கிலிருந்து வந்த பொட்டலத்தில் காலாவதித் தேதி 2568 என்று கண்டால் மிரளாதீர்கள், 543-ஐக் கழியுங்கள்.

ஆங்கிலத் தேதியாவது எப்போதும் ஒன்றுதானே?

இல்லை. சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1752-க்கு முன் ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25-இல்தான் மாறியது. சென்னைக் கோட்டையின் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணத்தில் 1688 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1689 ஆக இருக்கலாம். நாளிலும் பேதம் உண்டு. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த நாள், புதுச்சேரிக் கணக்கில் செப்டம்பர் 21. கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் இன்று நாம் வழங்கும் கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தார்கள், ஆங்கிலேயர் மாறவில்லை. இரு கோட்டைகளுக்கும் இடையில் பதினொரு நாள்! புதுச்சேரியிலிருந்து சென்னைவரை கடற்கரையோரம் வாழ்ந்த தமிழர்களுக்கோ அது அட்சய வருடப் புரட்டாசி, இரண்டு ஊரிலும் ஒரே நாள். அக்காலத்தில் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ் ஆண்டுப் பெயரையும் மாதத்தையும் தேதியையும் விடாமல் குறித்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது புரிகிறது.

சோழர் கல்வெட்டில் இந்த ஆண்டுகள் எதுவுமே இல்லையே?

பெரும்பாலும் இருக்காது. மன்னனின் ஆட்சியாண்டைத்தான் வெட்டினார்கள். “ராஜராஜ தேவர்க்கு யாண்டு” என்று எண்ணைச் சேர்த்து. மன்னன் பட்டமேறிய ஆண்டு தெரிந்தால்தான் கணக்கு நகரும். பாண்டியர் கல்வெட்டுகளில் “இரண்டாவதின் எதிர் பதின்மூன்றாவது” போன்ற இரட்டை எண்களும் வரும். இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களின் தேதிகளை எப்படிக் குறித்து வைப்பது?

அவர்கள் சொன்னபடியே முதலில் எழுதுங்கள். உங்கள் கணக்கை அடுத்த வரியில் எழுதுங்கள். கணக்குப் பிசகினால் பின்னால் வருபவர் திருத்திக்கொள்வார். சொன்ன சொல் போய்விட்டால் எவராலும் மீட்க முடியாது. நான் எழுதி வைத்திருப்பது இது:

“பாட்டி: பார்த்திப வருஷம், தைப்பூசத்துக்கு மறுநாள் என்று தானே சொன்னது. கணக்கு: 1946 ஜனவரி, கொல்லம் 1121, பசலி 1355. ரேஷன் கார்டில் உள்ள 1942 தவறு.”